பரணில் ஒரு பட்டதாரி

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக வீட்டைச் சோதிக்க வந்த வி.ஏ.ஓ., மாரீஸ்வரி வீட்டுப் பரணில் ஒரு பட்டதாரியைக் கண்டுபிடித்தார்.

சோதனை முறைப்படிதான் நடந்தது. முதலில் அரிசி டிரம்முக்குள் டார்ச் அடித்தார். பிறகு கட்டிலுக்கு அடியில். தண்ணீர்த் தொட்டியைக் குச்சி விட்டுக் கலக்கினார். குடும்பத்தில் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர் யாரும் இல்லை என்றால்தான் கல்லூரிக் கட்டணத்தில் சலுகை. சலுகை இல்லையென்றால் மாரீஸ்வரிக்கு இன்ஜினியரிங் இல்லை. அம்மாவோடு தீப்பெட்டி ஆபீசுக்குப் போக வேண்டியதுதான். இது தெருவுக்கே தெரியும்.

பரணில், அண்டாவுக்கும் ஓடாத ஃபேனுக்கும் நடுவில், கறுப்பு அங்கி போட்ட ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். தலையில் குஞ்சம் வைத்த தொப்பி. மடியில் சுருட்டிய பட்டம்.

"வணக்கம். என்னப் பத்திக் கவலப்படாதீங்க. நான் பாட்டுக்கு ஓரமா இருக்கேன்" என்றார்.

வி.ஏ.ஓ. டார்ச்சை அணைத்தார். "என்னம்மா இது?"

"சத்தியமா எங்க ஆளு இல்ல சார்" என்றாள் அம்மா பஞ்சவர்ணம்.

"யாரு சோறு போடுறா?"

பஞ்சவர்ணம் யோசித்தாள். தினமும் ஒரு தட்டு கூடுதலாகக் கழுவுகிறோமோ என்று அவளுக்கு வெகுநாளாகச் சந்தேகம்.

"அப்ப உங்க ஆளுதான்" என்று சொல்லிவிட்டு வி.ஏ.ஓ. செருப்பை மாட்டினார்.

எதிர்வீட்டுக் குருவம்மா வாசல்படியில் நின்று முழுவதையும் பார்த்தாள். "ஏன் மதினி, வீட்ல ஒரு பட்டதாரிய வச்சுக்கிட்டா எம்மகதான் மொதல்ல படிக்கப் போறான்னு ஊரெல்லாம் சொன்ன?" குருவம்மாவின் மகனும் பிளஸ் டூதான். தன் வீட்டுப் பரணை அவள் போன மாதமே ஆள் வைத்து இடித்துவிட்டாள். விவரமானவள்.

மாரீஸ்வரி ஏணியில் ஏறினாள்.

"சார், எறங்கிப் போயிருங்களேன். வெள்ளிக்கிழம எனக்குக் கவுன்சிலிங்."

"வேல கெடச்சதும் போயிர்றேம்மா."

"எப்பக் கெடைக்கும்?"

"சொல்லியிருக்காங்க."

"என்ன படிச்சீங்க?"

"ஞாபகமில்ல. ஆனா ஃபர்ஸ்ட் கிளாஸ்."

நல்ல மனுஷர். கேட்டதற்காக இறங்கியும் பார்த்தார். அவர் இறங்க இறங்க ஏணிக்கு அடியில் படி முளைத்தது. காலையில் இறங்கத் தொடங்கியவர் சாப்பாட்டு நேரத்தில் அண்டா பக்கத்திலேயே இருந்தார். தட்டை வாங்கிக்கொண்டார்.

மாரீஸ்வரி வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போனாள். நடக்க நடக்க ஆபீஸ் வராந்தா நீண்டது. வழியில் அவள் படித்த பள்ளிக்கூடம் வந்தது. அவள் பெஞ்சில் வேறொருத்தி உட்கார்ந்து அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். வராந்தா முடிந்த இடத்தில் வி.ஏ.ஓ. டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பரண் வீட்ல சேர்த்தியா சார்?" என்று கேட்டாள். கணக்கில் நூற்றுக்கு நூறு எடுத்த பிள்ளை.

வி.ஏ.ஓ. டீயைக் கீழே வைத்தார். "சேராது. பரண் தனி வீடு."

"அப்ப நான் மேல போயி, அவரு கீழ வந்துட்டா?"

"மேல பட்டதாரி யாரும் இல்ல. நீதான் மொதல்." அவருக்கே பெருமையாக இருந்தது. "புத்திசாலிப் பொண்ணு. படிச்சா நல்லா வருவ."

அவள் ஏறினாள். பட்டதாரி இரண்டே எட்டில் இறங்கினார். ஏணியும் அவரோடு போயிற்று. சான்றிதழைத் தொரட்டியில் செருகி மேலே நீட்டினார் வி.ஏ.ஓ. இந்த முகவரியில் குடியிருக்கும் வரை செல்லும் என்று போட்டிருந்தது.

"காலேஜுக்கு எப்படி சார் போறது?"

"அத காலேஜ்ல பாத்துக்குவாங்க."

பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெஞ்சை அனுப்பிவைத்தார்கள். கயிறு கட்டி ஏற்றியாயிற்று. தினமும் காலையில் தெருவில் ஒருவர் வந்து அவள் பெயரைக் கூப்பிடுவார். பரணிலிருந்து "உள்ளேன் ஐயா" என்பாள். போய்விடுவார்.

இறங்கியவருக்கு வேலை கிடைத்தது, தீப்பெட்டி ஆபீசில். அங்கியோடு போனவர் அங்கேயே தங்கிவிட்டார். பஞ்சவர்ணத்துக்குப் பக்கத்து இடம். லேபிள் ஒட்டுவதில் கை சுத்தம் என்று கேள்வி.

"வீட்டத் தாண்டாம காலேஜ் படிக்கிறா பாரு, அடக்கமான பொண்ணு" என்று குருவம்மா மெச்சினாள். அவள் மகன் விடுதியில் இருந்தான். அவனைப் பற்றி வேறு பேச்சு இருக்கிறது, அது இப்போது வேண்டாம்.

நான்கு வருடத்தில் மாரீஸ்வரிக்கு அங்கி வந்தது. தொப்பியும் வந்தது. நிமிர்ந்தால் குஞ்சம் கூரையில் உரசும், அதனால் நிமிர்வதில்லை. ஏணி வரவில்லை. கேட்டதற்குச் சொல்லியிருக்கிறார்களாம்.

தங்கை அபிநயா பிளஸ் டூ முடித்தாள். அக்காவுக்குத் தட்டை எக்கிக் கொடுப்பது அவள்தான். அவளும் கணக்கில் கெட்டி. கவுன்சிலிங் வெள்ளிக்கிழமை.

வி.ஏ.ஓ. வந்தார். அரிசி டிரம். கட்டிலுக்கு அடியில். தண்ணீர்த் தொட்டி. டார்ச் வெளிச்சம் மேலே போனது.

"வணக்கம் சார். என்னப் பத்திக் கவலப்படாதீங்க" என்றாள் மாரீஸ்வரி. "இது தனி வீடு. நீங்கதான் எழுதிக் குடுத்தீங்க."

"அது போன ஜி.ஓ.ம்மா. புது உத்தரவுல பரணும் வீட்ல சேர்த்தி." பஞ்சவர்ணத்தின் பக்கம் திரும்பினார். "யாரு இது?"

பஞ்சவர்ணம் மேலே பார்க்கவில்லை.

"சத்தியமா எங்க ஆளு இல்ல சார்."

பதில் சரியாக இருந்தது. மாரீஸ்வரிதான் முந்தின நாள் சொல்லிக்கொடுத்திருந்தாள், குரல் உடையாமல் வரும்வரை.

"யாரு சோறு போடுறா?" என்றார் வி.ஏ.ஓ.

அபிநயா கையிலிருந்த தட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.