கமிட்டியைக் கேட்க வேண்டும்

என் ஓரகத்திக்கு எதைச் செய்தாலும் திருத்தமாக வரும். அவளிடம் எனக்குப் பிடிக்காதது அதுதான்.

பதினோரு வருடமாக நான் ஒரு கொட்டகையில் பழைய சக்கர நாற்காலி, வாக்கர், ஊன்றுகோல் எல்லாம் பழுது பார்த்து, வேண்டியவர்களுக்கு இரவல் கொடுத்து வருகிறேன். என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவள், பிரேக் மாற்றவும் பேரிங் கழுவவும் இரண்டு வருடம் என்னிடம்தான் கற்றாள். பிறகு, பக்கவாதம் வந்தவர்களுக்குப் பயிற்சி நிலையம் என்று தனியாகப் போனாள். போன வேகத்தில் ஓர் அறக்கட்டளையின் நிதியுதவி, சொந்தக் கட்டடம், வாசலில் சாய்தளம். வீட்டில் எல்லோரும் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். நான் அவளுக்கு ஃபைல் ராணி என்று பெயர் வைத்தேன். என் கணவரைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. அவரும் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்.

இப்போது கொட்டகைக்காரர் அடுத்த மாதக் கடைசிக்குள் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். நாற்பத்து மூன்று நாற்காலிகளோடு நான் தெருவில் நிற்க வேண்டும். வேறு இடம் பிடிக்க உதவி கேட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அதே அறக்கட்டளைக்கு எழுதினேன். விண்ணப்பிக்கும் முன் என் அமைப்பு அதற்குத் தயாரா என்று பார்க்க வேண்டும் என்று பதில் வந்தது. ஏற்கெனவே அவர்களிடம் உதவி பெற்ற அமைப்பு ஒன்று நேரில் வந்து மதிப்பிட்டுக் கையெழுத்துப் போட வேண்டுமாம். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட அமைப்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

கூடவே ஒரு கேள்விப் பட்டியல். பதிவுச் சான்று இருக்கிறதா? மூன்று வருடத் திட்டம் என்ன? தலைவி மூன்று மாதம் படுத்துவிட்டால் யார் நடத்துவார்கள்? "நான் படுக்க மாட்டேன்" என்று எழுதினேன். கடைசியாக, நிர்வாகக் கமிட்டிக் கூட்டங்களில் பேசியதைக் குறித்து வைத்த இரண்டு வருட மினிட்ஸ் நோட்டு வேண்டும் என்றிருந்தது.

எனக்கும் கமிட்டி உண்டு. பதிவுக்காக ஏழு பேர் கையெழுத்துப் போட்டோம்: நான், கணவர், பல் டாக்டர், தையல்காரர், தபால்காரர், சைக்கிள் கடைக்காரர், பக்கத்து வீட்டு டீச்சர். அதன்பிறகு ஏழு பேரும் ஒரு கூரையின் கீழ் சேர்ந்ததே இல்லை. ஆகவே ஒரு மத்தியானம் உட்கார்ந்து எட்டுக் கூட்டங்களை நோட்டிலேயே நானே நடத்தி முடித்தேன். தேதிகளை மனம் போன போக்கில் போட்டேன். பல் டாக்டரை இரண்டு முறை எதிர்த்துப் பேச வைத்தேன். பேனாவைக்கூட மூன்று தடவை மாற்றினேன்.

மதிப்பிட ஓரகத்தி சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் வந்தாள். முக்காலியில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தாள். நான் ஒரு முன்சக்கரத்தைச் சுழற்றிச் சோதிக்கிற சாக்கில் அவளையே பார்த்தேன். அவ்வப்போது ஒரு தாளில் எதையோ குறித்துக்கொண்டாள். அவசரத்தில் கிறுக்கியதுகூட முத்து முத்தாக இருந்தது, பாவி.

நான்காவது கூட்டத்தில் நின்றாள்.

"அக்கா, இந்தத் தேதியில கூட்டம் நடந்துச்சா?"

"நடந்துச்சு. அதான் எழுதியிருக்கே. காலையில பத்து மணி, நான்தான் தலைமை."

அவள் நிமிரவில்லை. "அன்னைக்குத்தான் எங்க நிலையத் திறப்பு விழா. காலையில பத்து மணி. நீங்க முதல் வரிசையில உக்காந்திருந்தீங்க."

மனம் போன போக்கில் போட்ட தேதியாம்! ஒரு வருடமாக என் மனம் போய்ப் போய் நின்ற இடம் அது ஒன்றுதான். அந்த ரிப்பன், அந்தக் கைதட்டல், அந்தப் பளபளத்த தரை. கணவரின் பிறந்தநாள்கூட எனக்கு மறந்துபோகும், அந்தத் தேதி மறக்காது. என் வயிற்றெரிச்சலே என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

அவள் நோட்டை மூடிவிட்டுப் படிவத்தை எடுத்தாள். "நான் எதையும் பாக்கலக்கா. கையெழுத்துப் போட்டுடறேன். இத்தனை நாற்காலியும் வேற எங்க போகும்?"

மறுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், நிம்மதியாக இருந்திருக்கும். இவளோ மன்னிக்கிறாள்! என் பொய்க்குக் கூட்டு வந்தும் எனக்கு ஒரு படி மேலேயே நிற்கிறாள். அந்தக் கையெழுத்தைக் காலம் முழுக்க நான் சுமக்க வேண்டும். படிவத்தின் மேல் கையை வைத்தேன்.

"போடாதே. தயாரில்லைன்னு எழுது."

"அக்கா, அடுத்து விண்ணப்பம் வாங்குறது ஆறு மாசம் கழிச்சுத்தான்."

"தெரியும். எழுது."

இதை நேர்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவளுக்குக் கடன்பட எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். பெருமூச்சு விட்டுக்கொண்டே எழுதினாள். கிளம்பும்போது வாசலில் நின்று, "எங்க பின்கூடம் சும்மாதான் கெடக்கு. அதுவரைக்கும் எல்லாத்தையும் அங்க கொண்டுவந்து வைங்களேன்" என்றாள்.

சரி என்று சொல்ல நாக்கு எழவில்லை. முடியாது என்று சொல்ல அந்த நாற்பத்து மூன்றும் விடவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "கமிட்டியைக் கேக்கணும்" என்றேன். பதினோரு வருடத்தில் அந்தப் பேச்சு என் வாயில் வந்தது அதுவே முதல் தடவை.

சொன்ன பிறகு கேட்காமல் இருக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு பேரும் கூடினோம். உட்கார வேறொன்றும் இல்லாததால் எல்லோரும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தோம். பிரேக் போட மறந்த தையல்காரர் பேச்சின் நடுவே பின்னாலேயே போய்ச் சுவரில் முட்டினார். பல் டாக்டர் எதையும் எதிர்க்கவில்லை. "இதுல யோசிக்க என்ன இருக்கு? அது தங்கமான பொண்ணு" என்றார். இதைக் கேட்கவா இவரை வரவழைத்தேன்! என் கணவர் குனிந்துகொண்டு சிரித்தார்.

"சம்மதம்னா கையைத் தூக்குங்க" என்றார் டீச்சர். ஆறு கைகள் உடனே எழுந்தன. ஆறு பேரும் என்னையே பார்த்தார்கள்.

புது நோட்டில், ஒரே பேனாவில், எங்கள் முதல் கூட்டத்தை எழுதினேன். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்று முடித்தேன். படித்துப் பார்த்தபோது அதுவும் முழு உண்மையாகப் படவில்லை. கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: தலைவியின் கை கடைசியாக எழுந்தது.