துரைசாணியின் காது

ஓவியக் கல்லூரியின் முதலாண்டு வகுப்பில் ஒரு பெண்ணின் பிளாஸ்டர் தலை இருந்தது. வெள்ளைக்காரர்கள் காலத்தில் கப்பலில் வந்தது. கூர்மூக்கு, கருவிழி இல்லாத கண், இடது காது மடலில் ஓர் உடைசல். எல்லாரும் அதைத் துரைசாணி என்பார்கள். கொண்டுவந்தவர்கள் மூட்டை கட்டிப் போய் எத்தனையோ காலமாகியும் அவள் மட்டும் அலமாரியை விட்டு இறங்கவில்லை. முகம் வரையக் கற்க வேண்டுமா, அவளைப் பார்த்துத்தான் கற்க வேண்டும். வரைகிறவனின் மூக்கு சப்பையாக இருந்தால் அது அவன் தலையெழுத்து.

ஓவிய ஆசிரியையும் அவளை வரைந்து தேறியவள்தான். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. செத்துப்போன அக்காவின் முகத்தை வரைந்து அக்கா மகளிடம் கொடுக்க வேண்டும். வீடு எரிந்தபோது போட்டோக்களும் போய்விட்டன. அப்போது கைக்குழந்தையாக இருந்தவளுக்குப் பெற்றவளின் முகமே தெரியாது. ஆனால் எப்போது வரைய உட்கார்ந்தாலும் தாளில் துரைசாணி வந்து நின்றாள். கடைசியில் ஆசிரியைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முதல்வரிடம் போய் மல்லுக்கு நின்றாள்.

"சும்மா கிடக்கற தலை உங்களை என்னம்மா பண்ணுச்சு?"

"நம்ம பிள்ளைங்க நம்ம முகத்தைப் பார்த்துக் கத்துக்கட்டும் சார்."

விடுமுறையில் தலையைத் தன் கண் முன்னாலேயே உடைக்க வைத்தாள். அன்று வயிறாரச் சாப்பிட்டாள்.

புதுப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களில் ஒருவரும் துரைசாணியைக் கண்டதில்லை.

"வீட்டுல இருக்கற ஒருத்தர் முகத்தை நினைச்சு வரைங்க," என்றாள் ஆசிரியை.

கரிக்குச்சி உரசும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பையனின் பின்னால் போய் நின்றாள்.

"யாரு இது?"

"எங்க மாமா, மிஸ்."

மாமாவுக்கு மீசை இருந்தது. மீசைக்கு மேலே அந்தக் கூர்மூக்கு, அந்தக் கண்.

"காது ஏன் உடைஞ்சிருக்கு?"

பையன் முழித்தான். "தெரியல மிஸ். மாமா காது நல்லாத்தான் இருக்கும். கை தானா அப்படிப் போயிடுச்சு."

அடுத்த தாளில் ஒரு தங்கச்சி. அதற்கடுத்ததில் யாருடைய அப்பாவோ. எல்லாருக்கும் இடது காது உடைந்திருந்தது.

ஆசிரியை வகுப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். இனியும் தள்ளிப்போட்டால் அக்காவின் முகமே கைவிட்டுப் போய்விடும் என்று பயந்தாள். "அக்காவுக்கு அகல மூக்கு, அகல மூக்கு," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வரைந்தாள். கை கேட்கவில்லை. கிழிக்கப் போனபோது அக்கா மகள் வந்து தாளைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அம்மாவா சித்தி?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை நாளா ஏன் காட்டல?"

படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிற பெண்ணிடம் இல்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

"அம்மாவுக்குக் காதுல என்ன ஆச்சு?"

"சின்ன வயசுல மாடிப்படியில விழுந்துட்டா."

வாய்க்கு வந்த பொய்தான். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் படிக்கட்டு கண்ணுக்குத் தெரிந்தது. அக்கா உருண்டு விழுந்து காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். விரலிடுக்கில் வெள்ளைத் தூள் கொட்டியது. பாவம், எப்படி வலித்திருக்கும் என்று ஆசிரியைக்கும் அழுகை வந்தது.

சற்று முன் அகல மூக்கு என்று எதற்காகச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பதுதான் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.