வாயில் ஒட்டிய வார்த்தை

கத்தி முனையில் துண்டுத்தாளைக் குத்தி எடுத்து, பின்பக்கம் ரப்பர் பசை தடவி, படத்திலிருந்த பெண்ணின் வாய்க்கு நேரே கொண்டுபோன பிறகுதான் மசுயோ அதிலிருந்ததைப் படித்தாள். வழக்கமாகப் படிக்க மாட்டாள். ஒரு நாளைக்கு முந்நூறு நானூறு துண்டு ஒட்டுகிறவள் ஒவ்வொன்றையும் படித்துக்கொண்டிருந்தால் பத்திரிகை வெளிவந்த மாதிரிதான். ஓவியர்கள் பேச்சுக்குமிழுக்குள் பென்சிலால் கிறுக்கி அனுப்புவார்கள். எழுத்தச்சுக் கடையிலிருந்து அதே வார்த்தைகள் பளபளப்பான தாளில் அச்சாகி வரும். இவள் நறுக்கி, குமிழுக்குள் கோணாமல் ஒட்டி, பென்சிலை அழிக்க வேண்டும். கை தானாகச் செய்கிற வேலை. அன்றைக்குக் கை நின்றுவிட்டது. துண்டில் இருந்தது இதுதான்: “உங்கள் ஓவியம் பிறந்தால் போதும். நமக்கு அதுதான் குழந்தை.”

அவள் படத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக் கட்டில். அதில் கலைந்த தலையோடு ஒரு பெண், இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிய தழும்பு. தலைமாட்டில் பிடி உடைந்து கயிறு சுற்றிய கெண்டி. மசுயோவின் கை தன்னையறியாமல் புருவத்துக்குப் போனது. அந்தக் கெண்டிக்குக் கயிறு சுற்றியவளும் அவள்தான். முதல் பக்கத்தைத் திருப்பிப் பெயரைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை, இருந்தாலும் பார்த்தாள். சென்கிச்சி. ஒசாகாவில் நாலு வருஷம் அவளோடு ஒரே அறையில் இருந்தவன். வாடகைப் புத்தகக் கடைகளுக்குத் துப்பறியும் படக்கதை போட்டுக்கொண்டிருந்தவன். அவள் துணி ஆலையில் நின்று நின்று கால் வீங்கி வரும்போதெல்லாம் “சத்தம் போடாதே, கோடு கோணிடும்” என்றவன்.

படத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அவன் உட்கார்ந்திருந்தான். அழுதுகொண்டிருந்தான். அழுகை என்றால் சாதாரண அழுகையா? கண்ணிலிருந்து மோவாய் வரை மை வழிந்தது. வெளியே மழை வேறு. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இந்த ஓநாய் அழுததோடு நிற்காமல் அதைப் படமாகவும் போட்டு அனுப்பியிருந்தது. அன்று நாற்காலியில் யாரும் இல்லை. மழையும் இல்லை. ஒரே சீட்டுக்கு இரண்டு படம் காட்டுகிற கொட்டகையில் அவன் உட்கார்ந்திருந்தான். கருவைக் கலைக்க அவள் தனியாகப் போய், தனியாக எழுந்து, டிராமில் கைக்குட்டைக்குள் வாந்தி எடுத்துக்கொண்டே அறைக்குத் திரும்பினாள். குழந்தை, ஓவியம் என்று எந்த வசனமும் அவள் பேசவில்லை. பேசுவதற்கு ஆளே இல்லை.

நடந்ததைப் படம் போட்டதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்தப் பெண்ணைச் சிரிக்க வைத்திருந்தான். அதுதான் தாங்கவில்லை. அவனை மன்னிக்கிற ஒரு சிரிப்பை அவள் முகத்தில் அவனே போட்டு, அவனே பார்த்து மனம் உருகியிருந்தான்.

மசுயோ தாளை எடுத்துக்கொண்டு இவாசேயின் மேசைக்குப் போனாள். கண்டா வட்டாரத்தில் ஒரு பழைய புத்தகக் கடைக்கு மேலே, எட்டுக்கு எட்டு அறை ஒன்றும் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு கழிவறையும்தான் பத்திரிகை ஆபீஸ். பத்திரிகையின் பெயர் ‘தோகுதாமி’. கொல்லைப்புறச் சாக்கடையோரம் முளைக்குமே, பறித்தால் கை நாறுமே, அந்தச் செடி. சிறுவர் பத்திரிகைகள் இயந்திர மனிதனையும் பேஸ்பால் பந்தையும் வைத்துக் கொழுத்துக்கொண்டிருந்த காலத்தில், பெரியவர்கள் படிக்கிற படக்கதை என்று இதை ஆரம்பித்து இரண்டாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. முதலாளியும் ஆசிரியரும் இவாசேதான். காசநோய்க்கு ஒரு நுரையீரலைக் கொடுத்தவர், மிச்சமிருந்ததைப் பத்திரிகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஓவியன் போட்ட ஒரு கோட்டைக்கூட யாரும் மாற்றக் கூடாது என்பது அவர் விதி. மற்ற ஆபீஸ்களில் ஆசிரியர்கள் கதாநாயகனின் மூக்கைக்கூடத் திருத்துவார்கள். இங்கே அது கிடையாது. மசுயோ இங்கே வேலைக்கு வந்ததே அந்த விதி பிடித்துப்போய்த்தான். முதல் வருஷம் சில பக்கங்களை ஒட்டாமல் அவள் உட்கார்ந்து படித்ததுண்டு. அப்புறம் தபாலில் வந்ததெல்லாம் ஒரே அச்சு. குடிகாரன், மழை, ஆற்றில் மிதக்கிற பெண். ஆளாளுக்கு உண்மை சொல்லக் கிளம்பினார்கள். ஒவ்வொருவன் உண்மைக்கும் செத்துப்போன ஒரு பெண் தேவைப்பட்டாள்.

“ஐயா, இது நான்.”

“எதும்மா?”

“கட்டில்ல கிடக்குறாளே, இவ.”

இவாசே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவள் புருவத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. சங்கடப்படுவார் என்று எதிர்பார்த்து வந்தவளுக்கு அதைப் பார்க்கவே கூசியது.

“அப்போ நிஜமாவே நடந்திருக்கு! நான் அப்பவே நெனச்சேன். கற்பனையில இப்படி வராதுன்னு.”

“நடந்தது நிஜம். இந்தப் பேச்சு பொய். நான் இதைச் சொல்லல. இதை எடுத்திருங்க.”

“ஏம்மா, உனக்குத் தெரியாததா? எடுக்க நான் யாரு?”

“என் வாயில வெச்சிருக்கான்யா.”

“அவன் வரைஞ்ச வாயி அது.” இதைச் சொல்லும்போது இவாசே அவளைப் பார்க்கவில்லை. இருமல் வந்தது. கெட்ட மனிதர் இல்லை அவர், அதுதான் இன்னும் எரிச்சல். “மனசுல போட்டு வருத்திக்காத. நல்ல வேலை இது. நாளைக்கு உன்னையே ஊரு கும்பிடும்.”

சன்னலோரம் பாயில் மல்லாந்து கிடந்த ஹிரூமா எழுந்து உட்கார்ந்தான். பல்கலைக்கழக மாணவன், விமர்சனம் எழுதுகிறவன். வகுப்புக்குப் போகாத நாளெல்லாம் இங்கேதான் கிடப்பான், போகிற நாள் என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. கறுப்பு உடுப்பின் தோளில் பொடுகு உப்பாகக் கொட்டிக்கிடக்கும். சிகரெட்டை அடுத்தவர் தேநீர்க் கோப்பையில் அணைப்பான்.

“அக்கா, அந்த ஆஸ்பத்திரில வாசனை எப்படி இருந்துச்சு? குறிப்புக்குக் கேக்குறேன்.”

“உன் சாக்ஸ் மாதிரி.”

அவன் அதையும் குறித்துக்கொண்டான். சீ என்று ஆகிவிட்டது மசுயோவுக்கு. தன் மேசைக்குத் திரும்பி மிச்சத் துண்டுகளை ஒட்டினாள். அந்தத் துண்டையும் ஒட்டி விட்டுவைத்தாள், இவாசே வந்து பார்த்துத் தலையாட்டும்வரை. அவர் போனதும் கத்தியால் நெம்பி உரித்து, பந்தாகச் சுருட்டிக் குப்பைக் கூடையில் எறிந்தாள். பென்சில் எழுத்தையும் சுத்தமாக அழித்தாள். வெறும் வெள்ளைக் குமிழோடு பக்கம் அச்சுக்குப் போயிற்று. இவாசே என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், வேலையை விட்டு அனுப்பட்டும், அந்த வார்த்தை மட்டும் தன் வாயிலிருந்து ஊருக்குள் போகக் கூடாது. அன்று அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

இதழ் வந்தது. தப்பு நேர்ந்துவிட்டது என்று யாராவது கத்துவார்கள் என்று காத்திருந்தாள். யாரும் கத்தவில்லை. ஒரே வாரத்தில் கடிதங்கள் குவிந்தன. அந்த வெற்றுக் குமிழைப் பார்த்து விடுதி அறையில் விழுந்து அழுததாகக் கியோட்டோவிலிருந்து ஒருவன் எழுதியிருந்தான். தேசத்துத் தாய்மாரின் மௌனம் அது என்று ஒரு பள்ளி வாத்தியார். ஹிரூமா அந்த ஒரு குமிழைப் பற்றி மட்டும் ஆறு பக்கம் எழுதினான். பேச்சை மறுத்ததன் மூலம் அவள் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டாளாம். இவாசே கட்டுரையைச் சத்தமாக வாசித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மசுயோ படிக்கட்டில் இறங்கிப்போய்க் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த நாற்றத்திலேயே கொஞ்ச நேரம் நின்றாள். மேலே இருந்ததற்கு இது தேவலை.

ஆவணியில், வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு மத்தியானம், சென்கிச்சியே ரயிலேறி வந்தான். தாடி வளர்த்திருந்தான். கையில் மாவு தூவிய பயறு இனிப்புப் பெட்டி. இவாசே அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“அந்தக் குமிழு, ஐயோ, எப்படித்தான் தோணுச்சோ உங்களுக்கு!”

“கடைசி நிமிஷத்துல எடுத்துட்டேன்,” என்றான் சென்கிச்சி, தரையைப் பார்த்துக்கொண்டு, அடக்கமாக. “வார்த்தை அதிகம்னு பட்டுச்சு.”

பென்சிலால் எழுதி அனுப்பியதை இவாசே தன் கண்ணால் பார்த்தவர். துண்டு ஒட்டியிருந்ததைப் பார்த்துத் தலையாட்டியவர். அவருக்கு ஒரு கணம் நினைவு வந்திருக்க வேண்டும், மசுயோவின் மேசைப் பக்கம் பார்வை வந்து போனது. வந்த வேகத்தில் போயும்விட்டது. “அதான் கலைஞன்,” என்றார்.

புறப்படும்போது சென்கிச்சி அவள் மேசையருகே நின்றான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் வெளுக்கும் என்று எண்ணியிருந்தாள். அதற்குள் சுதாரித்திருந்தான்.

“இளைச்சுட்ட.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கையில் வைத்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

“நீதான் எடுத்தேன்னு எனக்குத் தெரியும்,” என்றான் மெல்ல. “உனக்குத்தான் என்னைப் புரியும் மசுயோ. வாயத் திறக்காமயே எல்லாத்தையும் சொல்லிருவ. அந்த நாள்லயும் அப்படித்தான்.”

“சென்கிச்சி.”

“ம்?”

“உன் தாடியில மாவு ஒட்டியிருக்கு. தொடைச்சுட்டுப் போ.”

அவன் சிரித்துக்கொண்டே துடைத்தான். அதைக்கூட அன்பு என்று எடுத்துக்கொண்டான், பாவி. அவன் இறங்கிப் போன பிறகும் அவன் தலையெண்ணெய் வாசம் மேசையில் நின்றது. அதே எண்ணெய், அதே மலிவு வாசம். மசுயோ துணியை நனைத்து மேசையைத் துடைத்தாள், அப்புறம் நாற்காலியின் முதுகையும் துடைத்தாள்.

இரண்டாம் பாகம் பத்து நாளில் வந்தது. பதினெட்டுப் பக்கம். அவன் பேசிக்கொண்டே இருந்தான், பக்கத்துக்குப் பக்கம், தத்துவமும் கண்ணீருமாக. அவனுக்கான துண்டுகள் எழுத்தச்சுக் கடையிலிருந்து கட்டாக வந்திருந்தன. தழும்புப் புருவக்காரிக்குப் பதினொரு குமிழ். பதினொன்றும் காலி. பென்சில் கிறுக்கல்கூட இல்லை. அவளுக்கு வாய் திறந்திருந்தது, உதடு அசைந்த மாதிரி கோடு இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. ஓரத்தில் இவாசேயின் கையெழுத்தில் ஒரு குறிப்பு: “இந்தக் குமிழ்களை அப்படியே விடவும். மிக முக்கியம்.”

மசுயோ பதினொரு குமிழையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். பொய் வேண்டாம் என்று அவள் ஒரு துண்டை உரித்ததற்கு, இவர்கள் அவள் நாக்கையே அறுத்து எடுத்துக்கொண்டார்கள். அதுவும் கும்பிட்டுக்கொண்டே அறுத்திருக்கிறார்கள். இனி மாதாமாதம் இவள் இப்படி வாயைப் பிளந்துகொண்டு நிற்பாள். கியோட்டோக்காரன் அழுவான், வாத்தியார் வணங்குவார், ஹிரூமா ஆறு பக்கம் எழுதுவான். தூ என்று வந்தது. அந்த அருவருப்பில் அவள் பங்கும் கொஞ்சம் கலந்திருந்தது. முதல் குமிழைக் காலி செய்தவள் அவள்தானே.

ஒரு தாள் எடுத்து எழுத ஆரம்பித்தாள். யோசிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். ஆறு வருஷமாக வரிசையில் நின்றுகொண்டிருந்த மாதிரி வந்து விழுந்தன. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் தானே நடந்து எழுத்தச்சுக் கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரர் தாளைப் படித்தார், இன்னொரு முறை படித்தார்.

“இது எந்த எழுத்து அளவுல வேணும்மா?”

“அவன் பேசுற அதே அளவுல.”

மறுநாள் காலை துண்டுகள் வந்தன. அச்சகத்து ஆள் பதினொரு மணிக்கு வருவார். இவாசே பொதுக் குளியலகத்துக்குப் போயிருந்த நேரத்தில் மசுயோ உட்கார்ந்து ஒட்டினாள். அவன் பிரஷ்ஷை அவள் கழுவுகிற படத்தில்: “உன்னோடதை நீயே கழுவு.” கட்டிலில் அவள் அவன் கையைப் பிடித்திருக்கிற படத்தில்: “அன்னிக்கு நீ சினிமாவுல இருந்த. ரெண்டு படமும் முடிஞ்சுதான் வந்த.” மழையைப் பார்க்கிற படத்தில்: “வெயிலடிச்சுது. நான் தனியாத்தான் டிராம்ல வந்தேன்.” இப்படிப் பத்து. பதினொன்றாவது கடைசிப் பக்கத்தில், தழும்புப் புருவக்காரியின் முகம் மட்டும் பக்கம் முழுக்க. அந்தக் குமிழ் பெரியது. அதற்கான துண்டை ஒட்டுவதற்கு முன் அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

இவாசே திரும்பி வந்து பக்கங்களைப் புரட்டினார். நாலாவது பக்கம் வந்ததும் உட்கார்ந்துவிட்டார். பாயில் கிடந்த ஹிரூமா எட்டிப் பார்க்க வந்து, பார்த்துவிட்டு, எதையும் குறித்துக்கொள்ளாமல் பழைய இடத்துக்கே போனான். அவன் குறிக்காமல் விட்டதை அவள் பார்த்தது அதுவே முதல் தடவை.

“சென்கிச்சிக்குத் தெரியுமா?” என்றார் இவாசே.

“தெரியாது.”

“ஏம்மா, நம்ம விதி என்ன?”

“ஒரு கோட்டையும் மாத்தக் கூடாது. நான் ஒரு கோட்டையும் தொடலியே. பாத்துக்குங்க.”

“இந்தப் பேச்செல்லாம் யாரு எழுதுனது?”

“பேசவேண்டியவ.”

படிக்கட்டில் அச்சகத்து ஆளின் கால் சத்தம் கேட்டது. வந்து வாசலில் நின்று, பக்கங்களைக் கட்டுவதற்குத் துணியை விரித்துப் பிடித்தார். நாளைக் காலைக்குள் அச்சுத் தகடு எடுக்க வேண்டும், இன்னொரு நாள் கிடையாது. இவாசே கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தார். பெரிய குமிழில் ஒரே ஒரு வரி.

“ஆம்பளப் புள்ளைன்னு நர்ஸ் சொன்னா. நீ கேக்கவே இல்ல.”

அவர் இருமவில்லை. மசுயோவைப் பார்க்கவும் இல்லை. கட்டைவிரல் நகத்தைத் துண்டின் ஓரத்தில் வைத்து மெல்ல நெம்பினார், உரித்துவிடலாமா என்று பார்ப்பது போல. பசை இன்னும் காயவில்லை. துண்டு தாளை விட்டு எழுந்து அவர் விரலில் ஒட்டிக்கொண்டது. உதறினார், விழவில்லை. மற்றக் கையால் எடுக்கப் போனார், அந்தக் கைக்கு மாறி ஒட்டிக்கொண்டது. வாசலில் அச்சகத்து ஆள் துணியின் இரண்டு முனைகளையும் பிடித்தபடி நின்றார். அந்த வரியை விரல் நுனியில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல், இவாசே கையை நீட்டியபடியே இருந்தார்.