எழுதியபடிக்கு ஒரு துப்பாக்கிச் சூடு

ஆனிப் பௌர்ணமியன்று பிச்சாண்டவர் பவழக்கால் சப்பரத்தில் எழுந்தருளும்போது காரைக்காலின் மாடிகளிலிருந்து மாங்கனி பொழியும். வேண்டுதல் பலித்தவர்கள் கூடை கூடையாக இறைப்பார்கள். இனிப் பலிக்க வேண்டியவர்கள் கீழே நின்று முந்தானை விரித்து ஏந்துவார்கள். மழைக்கு மேடு பள்ளம் தெரியாததுபோல் அக்கனிக்கும் தலை பேதம் தெரியாது. இவ்வழக்கத்தை அறியாதவர் அன்று அவ்வீதியில் ஒருவரே இருந்தார். பத்து நாள் முன்பு வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த காவல் ஆய்வாளர் அவர்.

முற்றித் திரண்டும் கனியாத காய் ஒன்று அவர் நெற்றியை வந்து சேர்ந்தது. நிமிர்ந்து நோக்கினார். இருமருங்கும் மாடிகள், மாடிதோறும் ஓங்கிய கைகள்.

“கல்லெறியறாங்க. ஃபயர்,” என்றார்.

பக்கத்தில் நின்றவன் ஆல்போன்ஸ். பிரெஞ்சுக் கொடி இறங்கி இருபத்தைந்து ஆண்டாகியும் இறங்காத சிவப்புத் தொப்பியைச் சூடிய காவலருள் இளையவன்.

“சார், அது மாங்கா.”

“ஃபயர்னு சொன்னேன்.”

ஆல்போன்ஸ் துப்பாக்கியை நிமிர்த்தினான். ஒரு தென்னையின் கீற்றுக்கும் ஒரு மாடியின் கைப்பிடிச் சுவருக்கும் இடையே கொஞ்சம் வெறும் நீலம் தெரிந்தது. அதற்குள் ஒரே ஒரு குண்டைச் செலுத்தினான். கூட்டம் சிதறியது. சுவாமியைச் சுமந்தவர்கள் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றார்கள்; தோளில் இருப்பவரைவிட அஞ்சத்தக்கவர் தரையில் எவருமில்லை என்பது அவர்கள் எண்ணம். சிதறியவர்களும் கால் மணியில் திரும்பிவிட்டார்கள், கனிகள் வீதியில் கிடந்தமையால்.

சிதறியதில் அடிபட்டவர் ஒருவர்தாம். திருமலைராயன்பட்டினத்துப் பழ வியாபாரி காதர் பாட்சா ஓடும் அவசரத்தில் தம் கூடைக்குள் தாமே காலை விட்டார். உடைந்த மூங்கிற் சிம்பு கணுக்காலைக் கிழித்தது.

அன்று மாலை நிலையத்தில் அறிக்கை உருவாயிற்று. எழுத்தர் பழைய கோப்பு ஒன்றை எடுத்தார்; தேதியையும் தெருவையும் மாற்றினார்; வேலை முடிந்தது. ‘சமூக விரோதிகள் கற்களை வீசினர். ஒலிபெருக்கியில் மும்முறை எச்சரித்தும் கலையாமையால், காவலர் வானத்தை நோக்கி மூன்று முறை சுட்டனர்.’

“சார், சுட்டது ஒண்ணுதான்,” என்றான் ஆல்போன்ஸ்.

ஆய்வாளர் சற்று யோசித்தார். நெற்றியில் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. பிறகு பெட்டியிலிருந்து சுடாத தோட்டாக்கள் இரண்டை எடுத்து அவன் கையில் வைத்தார்.

“வீட்டுக்குப் போற வழியிலே அரசலாத்துல போட்டுடு. கணக்கு நேராயிடும்.”

நடந்ததை எழுதுவது உலக வழக்கு. எழுதியதற்கேற்ப நடந்ததைத் திருத்துவது அவ்வறையின் வழக்காயிருந்தது. ஆல்போன்ஸ் பாலத்தின் நடுவில் நெடுநேரம் நின்றான். ஆறு எதையும் வாங்கிக்கொள்ளும். அவன் கைதான் விரியவில்லை.

மறுநாள் நாளிதழில் அறிக்கை அச்சாகி வந்தது. தேநீர்க்கடையில் ஒருவர் உரக்கப் படித்தார்.

“வானத்தை நோக்கியாம்.”

“எந்த ஊர்லயும் வானத்தை நோக்கித்தான் சுடறாங்க. செத்தவன் மட்டும் தரையிலயே கெடக்கறான்.”

“அப்ப காதர் பாய் கால் எங்க இருந்துச்சு? வானத்துலயா?”

சிரிப்பலை எழுந்தது. அச்சிரிப்பு ஆல்போன்ஸின் திருமணத்தைத் தாக்கியது.

அவனுக்கு நிச்சயமாகியிருந்தவள் ஜோசெஃபின், பெண்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியை. அவள் தந்தை கஸ்தோன் பிரெஞ்சுப் படையில் இந்தோசீனா வரை சென்று வந்து ஓய்வூதியம் பெறுபவர். ஊரார் அவரைச் சிப்பாய் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லால் சொல்தா என்பார்கள். மூன்றாம் நாள் அவர் ஆள்விட்டு ஆல்போன்ஸை அழைத்தார். நாற்காலியைக் காட்டவில்லை.

“பேப்பர் பார்த்தேன். எம் பொண்ணை ஒனக்குக் குடுக்கறதா இல்ல.”

“மாமா, நான் மேலேதான் சுட்டேன்.”

“அறிக்கையிலே நாலு சேதி இருக்கு. கல் எறிஞ்சாங்க. எறிஞ்சாங்களா?”

“இல்ல. மாங்கா.”

“மூணு தரம் எச்சரிச்சீங்களா?”

“இல்ல.”

“எத்தனை குண்டு? இந்தக் காது போர்க்களத்துல பழகினது. எனக்கு ஒண்ணுதான் கேட்டுது.”

“ஒண்ணுதான்.”

“அலோர், அப்படின்னா மூணு பொய்க்கு நடுவுல உக்காந்துக்கிட்டு ஒரு மெய், என்னை நம்புன்னு கேக்குது. எப்படி நம்பறது? நானும் சுட்டவன்தாம்பா. சுட்டதைப் பத்திப் பொய் சொன்னதில்ல.”

“நான் என்ன செய்யணும்?”

“அடுத்த வாரம் விசாரணை வருது. மத்த மூணும் பொய்னு அங்க சொல்லு. எங்கிட்ட இல்ல, ஊர் முன்னால.”

“வேலை போயிடும் மாமா.”

“போகலாம்,” என்றார் கஸ்தோன், மழை வரலாம் என்பதுபோல.

வாசலில் ஜோசெஃபின் அவன் மிதிவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நீங்க மேலேதான் சுட்டீங்கன்னு எனக்குத் தெரியும்.”

“எப்படி?”

“அன்னிக்கு அந்த வீதியில ஒரு மாடியில நானும் இருந்தேன். மாங்கா எறியறதுக்கு இல்ல, வேடிக்கை பார்க்க. துப்பாக்கிக் குழாய் எந்தப் பக்கம் திரும்பிச்சுன்னு பார்த்தேன்.”

“அதை அப்பாகிட்ட சொல்லக்கூடாதா?”

“சொன்னேன். கட்டிக்கப் போறவ சொல்றது சாட்சி இல்லையாம்.”

ஆல்போன்ஸ் நேரே காதர் பாட்சாவிடம் போனான். பெரிய கட்டுடன் காலை ஒரு முக்காலிமீது நீட்டிக்கொண்டு அவர் பழம் நிறுத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஐந்தாறு பேர், நலம் விசாரித்தபடி.

“பாய், அது குண்டுக் காயமா?”

“நான் குண்டுன்னு சொல்லலியே தம்பி.”

“இல்லேன்னும் சொல்லலியே.”

“கேக்கறவங்க கேக்கற மொகத்தைப் பார்த்தா இல்லேன்னு சொல்ல மனசு வரமாட்டேங்குது. போ தம்பி, எனக்கும் ஒனக்கும் ஒரு விரோதமுமில்ல. ரெண்டு பழம் எடுத்துக்க.”

விசாரணை ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில் நடந்தது. விசாரித்தவர் சோமசேகரன், துணை ஆட்சியர். வயல்வெளியிலிருந்து படித்து மேலேறியவர், எதையும் மெல்லக் கேட்பவர். பெஞ்சுகளில் ஊரார் நிறைந்திருந்தார்கள். காவலர் ஒவ்வொருவராக வந்து, தட்டச்சு செய்த ஒரே வாக்குமூலத்தில் ஒப்பமிட்டுச் சென்றார்கள். பின்வரிசையில் இரண்டு பேர் வாய்விட்டே கொட்டாவி விட்டார்கள். ஆல்போன்ஸின் முறை வந்தது.

“படிச்சுப் பார்த்தீங்களா?”

“பார்த்தேங்க. கையெழுத்துப் போடலைங்க.”

“ஏன்?”

“கல் எறியலைங்க. திருவிழா மாங்கா. எச்சரிக்கையும் செய்யலைங்க, ஒலிபெருக்கியே எடுத்துட்டுப் போகலைங்க. சுட்டது ஒரே குண்டு.”

முன்வரிசையில் அமர்ந்திருந்த ஆய்வாளர் எழ முயன்றார். சோமசேகரன் அவரைப் பாராமலே உட்காரும்படி கையசைத்தார்.

“மூணுன்னு எழுதியிருக்கே. அதுக்கு என்ன சொல்றீங்க?”

ஆல்போன்ஸ் சட்டைப்பையிலிருந்து இரு தோட்டாக்களை எடுத்து மேசைமேல் நிறுத்தி வைத்தான்.

“அறிக்கைப்படி இது ரெண்டும் சுட்டாச்சுங்க. ஆத்துல போடச் சொன்னாங்க.”

மண்டபம் சிரித்தது. சோமசேகரன் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு தோட்டாவை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

“சுட்ட அந்த ஒண்ணு எங்க போச்சு?”

“மேலேங்க.” அவன் குரல் இறங்கிற்று. “அறிக்கையில இருக்கறதுல அது ஒண்ணுதாங்க நடந்தது.”

இம்முறை எவரும் சிரிக்கவில்லை. மேலே சுட்டதாகச் சொன்னாலே சிரித்துப் பழகியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவரிசையில் ஒரு பெஞ்சு கிரீச்சிட்டது. காதர் பாட்சா எழுந்து நின்று, குனிந்து, கணுக்காலின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார். துணி நீளமாக வந்துகொண்டேயிருந்தது.

“ஐயா, அந்தத் தம்பி சொல்றது நெசம். எங் கால்ல பட்டது என் கூடைதான்.”

“நேத்துவரை இதைச் சொல்லலியே பாய்?” என்று யாரோ குத்தலாகக் கேட்டார்.

“நேத்துவரை தொப்பி போட்ட ஒருத்தரும் நெசம் பேசலியே. நான் மட்டும் எதுக்கு முந்திக்கணும்?”

சோமசேகரன் எழுதினார். தம் கைப்படவே எழுதினார்; தட்டச்சரிடம் கொடுக்கவில்லை.

நான்கு நாளில் ஆணை வந்தது. ஆய்வாளர்மீது நடவடிக்கை பரிசீலனையில் இருந்தது. ஆல்போன்ஸ்மீது அவ்வளவு பரிசீலனை தேவைப்படவில்லை. அவனை ஏனாமுக்கு மாற்றியிருந்தார்கள். புதுச்சேரி ஆட்சியின் ஒரு துண்டு நிலம் கோதாவரிக் கரையிலும் கிடப்பது இத்தகைய தேவைகளுக்கு உதவிற்று.

அன்று நண்பகலில் கஸ்தோன் மகளுடன் ஆல்போன்ஸின் வீட்டுக்கு வந்தார். அவன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை.

“எப்ப போய்ச் சேரணும்?”

“பதினஞ்சு நாளைக்குள்ள, மாமா.”

“கோயில்ல கல்யாண ஓலை மூணு ஞாயிறு வாசிக்கணும். நடுவுல வர்றது ரெண்டே ஞாயிறு.” விரல்களை மடக்கிப் பார்த்தார். “சாமியார்கிட்ட சொல்லி ரெண்டு ஓலையை ஒரே பூசையில வாசிக்க வைக்கிறேன். தடை தெரிஞ்சவங்க சொல்லலாம்பார். எவன் சொல்றான்னு பார்ப்போம்.”

ஜோசெஃபின் ஆல்போன்ஸைப் பார்த்துக் கேட்டாள்.

“ஏனாம்ல தெலுங்குதானே பேசுவாங்க. உங்களுக்குத் தெரியுமா?”

“ஒரு எழுத்து தெரியாது.”

“நல்லதாப் போச்சு. கொஞ்ச நாளைக்காவது உங்களை யாரும் அறிக்கையில கையெழுத்துப் போடச் சொல்ல மாட்டாங்க.”

“அதெல்லாம் போற ரயில்ல பேசிக்குங்க,” என்றார் கஸ்தோன். சாமியார் உண்டு உறங்கப் போகுமுன் பிடித்தாக வேண்டும். அவர் ஆல்போன்ஸின் மிதிவண்டியையே கேளாமல் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.