கை சரி, மூஞ்சி சரியில்லை

“பொண்ணு பாக்க வர்றவங்க எந்திரிச்சுப் போற வரைக்கும் உன் பொண்டாட்டி பின்னால ரூம்லயே கிடக்கட்டும். ஊமைன்னு தெரிஞ்சா, உன் தங்கச்சிக்குப் பொறக்கிறதும் அப்படித்தான் இருக்கும்பாங்க,” என்றாள் அம்மா.

வேறு வயிற்றில் பிறந்தவளுக்கும் தங்கச்சி பெறப்போவதற்கும் என்ன சம்பந்தம் என்று அவள் மகன் தறிக்காரன் கேட்டிருக்கலாம். வழக்கம்போல முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றான்.

காது கேளாத பெண்ணைத் தேடிப் பிடித்துக் கட்டிவைத்தவளே அம்மாதான். “எதுத்துப் பேச மாட்டா பாரு,” என்று அப்போது அதையே பெருமையாகச் சொன்னாள். அவளுக்காக அந்த வீடு கற்றுக்கொண்ட சைகைகள்: தண்ணி கொண்டா, பெருக்கு, துவை, கதவைச் சாத்து. நாயிடம்கூட இதைவிட நாலு வார்த்தை கூடுதலாகப் பேசுவார்கள்.

தறிக்கூடத்தின் இரைச்சலில் ஆம்பிளைகள் எல்லாரும் கையால்தான் பேசுவார்கள். நூல் அறுந்தது, மேஸ்திரி வருகிறான், மேஸ்திரியின் பிறப்பைப் பற்றிய சந்தேகம் எல்லாம் விரலிலேயே முடிந்துவிடும். அங்கே அது தொழில். வீட்டில் பெண்டாட்டியிடம் அதே கையை ஆட்டினால் மானக்கேடு.

போன வாரம்தான், யாரும் பார்க்காதபோது, தறிக்கூடத்துச் சைகையில் அவளிடம் கேட்டான், பிடிக்கும் என்பதை எப்படிச் சொல்வது என்று. அவள் நெஞ்சில் கையை வைத்து, மெல்ல அவன் பக்கம் நீட்டிக் காட்டினாள். அவனும் செய்தான். அவள் தலையாட்டி மறுத்தாள். அவனைப் போலவே தாடையை இறுக்கி, கண்ணைத் தரையில் போட்டு நின்று காட்டினாள். லீவு கேட்கிறவன் மூஞ்சி. அவன் சிரித்துவிட்டான். இந்தச் சிரித்த மூஞ்சியோடு செய் என்று அவன் கன்னத்தைத் தட்டினாள்.

மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் வந்து உட்கார்ந்தார்கள்.

“மருமக எங்க?”

“அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கா,” என்றாள் அம்மா.

தறிக்காரன் எழுந்துபோய்ப் பின்னறைக் கதவைத் திறந்து அவளைக் கூட்டி வந்தான். “இங்கதான் இருக்கா. இவளுக்குக் காது கேக்காது.”

அவள் மிரண்டுபோய் அவனைப் பார்த்தாள். அத்தனை பேர் முன்னாலும் அவன் நெஞ்சில் கை வைத்து அவள் பக்கம் நீட்டினான். முகம் முழுக்கச் சிரிப்பு.

“என்ன சொல்றாரு?” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

“தண்ணி கேக்குறான்,” என்றாள் அம்மா.

“தண்ணி கேக்குறப்போ எங்க வீட்டுக்காரர் மூஞ்சி ஒரு நாளும் இப்படி இருந்ததில்லையே.”

வீட்டுக்காரருக்கு இருமல் வந்தது.

மறுநாள் காலையில் தரகர் போனில் சொன்னார்: “காது கேக்காதது பெரிய விஷயமில்லையாம்மா. வாயில்லாத மருமக நல்லதுதானேன்னுட்டாரு மாப்பிள்ளையோட அப்பா. ஆனா நாலு பேர் முன்னால பொண்டாட்டிய கொஞ்சுறவன் வீட்ல சம்பந்தம் வச்சா, தன் பையனும் கெட்டுப்போயிடுவான்னு பயப்படுறாரு.”

அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். தங்கச்சி அழவில்லை. அண்ணியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து போனுக்கு முன்னால் நிறுத்தினாள்.

“அண்ணே, ‘போங்கடா நீங்களும் உங்க பையனும்’னு எப்படிச் சொல்றதுன்னு அண்ணிகிட்ட கேளு.”

அவன் கேட்டான். அண்ணி வெட்கப்பட்டுக்கொண்டே காட்டினாள். ஆனால் இரண்டு கையாலும் காட்டினாள்.

யாரும் விளக்காமலே அம்மாவுக்குப் புரிந்த முதல் சைகை அது.