சர்க்கரை சொன்ன 'முடியாது'

மொழிபெயர்ப்பாளருக்கு ஜனாதிபதி மாளிகையில் வைத்த பெயர் சர்க்கரை. யார் எதை வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசினாலும், அவர் வாய் வழியாக வெளியே வரும்போது இனித்துக் கிடக்கும். 'போய்யா' என்றால் 'பிறகு சந்திப்போம்' என்பார். இருபது வருடத் தளபதி ஆட்சியில் அவர் தலை தப்பியதே இந்த வித்தையால்தான். குற்றம் சொல்ல நாம் யார்?

தளபதி விமானம் ஏறி ஓடிய பிறகு, எல்லாக் கட்சிக்காரர்களும் கூடி நாட்டை ஒரு நர்ஸ் கையில் ஒப்படைத்தார்கள். கலவரத்தில் அடித்தவனுக்கும் அடி வாங்கியவனுக்கும் ஒரே வார்டில் கட்டுப் போட்டவர் அவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண். 'இடைக்கால ஜனாதிபதி' என்று நீட்டி முழக்க யாருக்குப் பொறுமை? நாடு முழுக்க அவர் சிஸ்டர்தான்.

நாற்பது நாளில் தேர்தல். வாக்குப்பெட்டி, சீட்டு, மை எல்லாமே வெளிநாட்டு உதவியில்தான் வந்தாக வேண்டும். அன்று காலை, உதவ முன்வந்த நாட்டின் தூதர் ஒப்பந்தத்தோடு வந்திருந்தார். அறுபத்திரண்டு பக்கம். தளபதி காலத்தில் கடைசிப் பக்கத்தில் ஒரு கையெழுத்து, ஒரு போட்டோ, அவ்வளவுதான். சிஸ்டரோ நோயாளியின் ரிப்போர்ட்டைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். தூதருக்கு இரண்டு தடவை டீ வந்துவிட்டது.

நாற்பத்தோராம் பக்கத்தில் விரல் நின்றது. தேர்தல் முடிவை அறிவிக்கும் முன் உதவும் நாட்டின் ஒப்புதலைப் பெறவேண்டும் என்றிருந்தது.

தலைமைச் செயலாளர் குனிந்து கிசுகிசுத்தார். "தானமா வர்ற மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா சிஸ்டர்? இது போச்சுன்னா தேர்தலே போச்சு."

"மாடு நம்ம வீட்டுக்கு வந்தா பாக்க வேணாம் சார். இது நம்மளையே அவங்க தொழுவத்துல கட்டப் பாக்குது." சிஸ்டர் மொழிபெயர்ப்பாளர் பக்கம் திரும்பினார். "அண்ணே, அவர்கிட்ட சொல்லுங்க. பெட்டி குடுங்க, பேப்பர் குடுங்க, எண்ணும்போது பக்கத்துலயே உக்காந்து பாருங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா யார் ஜெயிச்சாங்கன்னு எங்க ஜனங்கதான் சொல்வாங்க. அதுக்கு உங்க அனுமதி கேக்க முடியாது."

தளபதிக்கு முன்பும் அந்த நாட்டில் தேர்தல் நடந்ததில்லை. சர்க்கரை ஐம்பத்து மூன்று வயதாகியும் ஒரு ஓட்டுகூடப் போட்டறியாத மனுஷர். பெட்டியே வராமல் போய்விட்டால்? பழகிய நாக்கு தானாகப் புரண்டது. உங்கள் உதவியில் நெகிழ்ந்துபோயிருக்கிறார், அந்தப் பக்கத்தைப் பிறகு சாவகாசமாகப் பேசிக்கொள்ளலாம் என்கிறார் என்று தூதரிடம் சொல்லிவைத்தார். தூதர் முகம் மலர்ந்து பேனாவைத் திறந்தார்.

சிஸ்டர் அந்த முகத்தையே பார்த்தார். "அண்ணே, நான் சொன்னதை நீங்க சொல்லல."

"சொன்னேனே, சிஸ்டர்..."

"இருபத்திரண்டு வருஷம் வார்டுல நின்னவ நான். முடியாதுன்னு கேட்ட மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இது அந்த மூஞ்சி இல்ல." குரலில் கோபமே இல்லை. "பயமா இருக்கா? எனக்கும்தான். சொல்லுங்க."

அடடா, அந்த 'எனக்கும்தான்' இருக்கிறதே! நாட்டை ஆள்கிற ஒருவர் தனக்கும் பயம் என்று சொல்லி சர்க்கரை கேட்டதே கிடையாது. நிமிர்ந்து உட்கார்ந்தார். சற்று முன் சொன்னது என் சொந்தச் சரக்கு, மன்னியுங்கள் என்று தூதரிடம் ஒப்புக்கொண்டார். பிறகு சிஸ்டரின் பேச்சை ஒரு சொல் குறையாமல் சொன்னார்.

தூதர் பேனாவை மூடிவிட்டு, வெளியே போய் அரை மணி நேரம் போனில் பேசினார். தலைமைச் செயலாளர் கழுத்து வியர்வையைத் துடைத்துத் துடைத்து மாய்ந்தார். சிஸ்டர் மிச்சமிருந்த பக்கங்களைப் படித்தார்.

திரும்பி வந்த தூதர், உட்காராமலேயே அந்தப் பத்தியின் குறுக்கே கோடு கிழித்து ஓரத்தில் கையெழுத்திட்டார். பெட்டிகள் வரப்போகின்றன. அப்புறம் மனதாரச் சிரித்து ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றார்?"

"பதினோரு வருஷமா இங்க வர்றாராம். ஒருத்தர்கூட முடியாதுன்னு சொன்னதில்லையாம். சொல்லியிருந்தா அன்னைக்கே காது குடுத்துக் கேட்டிருப்பாராம்."

சொல்லி முடித்த சர்க்கரை சிஸ்டர் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

"சொன்னாங்க சிஸ்டர்," என்றார். "நம்ம துறைமுகத்தை இவங்களுக்கு எழுதிக்குடுத்த அன்னைக்கு, அங்க இஞ்சினியரா இருந்த ஒரு அம்மா இதே மேசையில எழுந்து நின்னு மூணு தடவை முடியாதுன்னாங்க. அவங்க வேலையும் போச்சு, துறைமுகமும் போச்சு. நான்தான் இவர்கிட்ட சொல்லல."

சிஸ்டர் ஒப்பந்தத்தை மூடிவைத்தார்.

"இதையும் அவர்கிட்ட சொல்லுங்கண்ணே."

சர்க்கரை தூதரின் பக்கம் திரும்பினார். அந்த அம்மாள் சொன்னபடியே, மூன்று தடவையும் 'முடியாது' என்றார்.