பின்கதவுக் கண்ணாடியை உடைத்தவன்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கண்ணாடியை உடைத்தவன் நான்தான். சித்திரை மாதம், பகல் இரண்டு மணி, ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதி. ஒரு மின்சார பிக்கப் வண்டியின் இடது பின்கதவுக் கண்ணாடி. அடித்தது, கடைவாசலில் கிடந்த அரைச் செங்கல்லால். உள்ளே ஒரு பெரியவர் படுத்திருந்தார். அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன்.

இதை மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

[ஒன்று: வெயில் கருணையே இல்லாமல்… வேண்டாம். கருணையுள்ள வெயிலை யாரும் பார்த்ததில்லை.]

[இரண்டு: கண்ணாடி உடைந்ததும் அடுப்பைத் திறந்ததுபோல் வெப்பம் முகத்தில் அறைந்தது. — வாக்கியம் நன்றாக இருக்கிறது. வந்த தொல்லையெல்லாம் இந்த வாக்கியத்தால்தான். அடித்துவிட்டேன். அடித்தது தெரியும்படி இங்கேயே கிடக்கட்டும்.]

மூன்றாவது தொடக்கம் வேணியோடு ஆரம்பிக்கிறது. அதையே வைத்துக்கொண்டேன்.

2

வேணிக்கு முப்பத்தொன்பது வயது. ஊர் உப்பிலியபுரம். பச்சைமலையில் விளையும் தினை, சாமை, மரவள்ளிக்கிழங்கையெல்லாம் மலைக்காரர்களிடம் வாங்கித் திருச்சிக் கடைகளுக்குத் தானே ஓட்டிவந்து போடுகிறாள். கணவர் சிங்கப்பூரில். மாமனார் வெள்ளைச்சாமிக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வலது கை வராது. பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "ஆமா." பசிக்கிறதா என்று கேட்டாலும் ஆமா, பசிக்கவில்லையா என்று கேட்டாலும் ஆமா. முகத்தைப் பார்த்துத்தான் எது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வேணிக்கு அது பழகிவிட்டது.

(நேரில் அவளை நான் "நீங்க" என்றுதான் கூப்பிடுகிறேன். கதைக்குள் வந்ததும் "அவள்" ஆகிவிட்டாள். அவள் மாமனார் மட்டும் "அவர்" ஆகவே இருக்கிறார். திருத்தலாம் என்று பார்த்தேன், கை வரவில்லை.)

செவ்வாயும் வெள்ளியும் தில்லைநகரில் பெரியவருக்கு பிசியோதெரபி. அந்த இரண்டு நாட்களிலேயே சரக்கையும் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவாள். முன்னால் இரண்டு வரிசை சீட்டும் பின்னால் சரக்குத் தொட்டியுமாக இந்த வண்டியை அவள் வாங்கியதே, மாமனார் பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்து வரட்டும் என்றுதான். இன்னொரு காரணமும் உண்டு. மின்சார வண்டியில், நின்ற இடத்திலேயே ஏசி ஓடும். எஞ்சின் இல்லாததால் சத்தம் இல்லை, புகை இல்லை. கதவைப் பூட்டிவிட்டு இறங்கிப் போனாலும் உள்ளே குளிர்ந்துகொண்டே இருக்கும்.

அன்று எனக்கு இது தெரியாது.

[இதைக் கடைசிவரை ஒளித்துவைத்துத் திருப்பமாக்கலாமா என்று ஒரு நாள் முழுவதும் யோசித்தேன். திருப்பமாக்கினால் பாராட்டு எனக்கு வரும். வேணிக்கு ஒன்றும் வராது. ஆகவே இப்போதே சொல்லிவிட்டேன்.]

3

நடந்தது இவ்வளவுதான். தபாலாபீசிலிருந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். வழியில் அந்த வண்டி நின்றது. பின்சீட்டில் வாய் திறந்தபடி ஒருவர், மார்பின்மேல் ஈரத்துண்டு. கண்ணாடியைத் தட்டினேன். அசைவில்லை. மறுபக்கம் போய்த் தட்டினேன். நாலைந்து பேர் கூடினார்கள். "ஒரு மணி நேரமா நிக்குதுங்க" என்றார் ஒருவர். யாரோ போனைத் தூக்கிப் படமெடுக்க ஆரம்பித்தார்கள். பூட்டிய காருக்குள் மூச்சு முட்டிச் செத்தவர்களைப் பற்றிப் பேப்பரில் படித்ததெல்லாம் ஒரே சமயத்தில் எனக்கு நினைவு வந்தது.

முதல் இரண்டு அடிக்குக் கண்ணாடி அசையவில்லை. மூன்றாவதில் முழுவதும் நொறுங்கிக் கற்கண்டு கற்கண்டாக அவர் மேல் கொட்டியது. கதவைத் திறக்கக் கையை உள்ளே விட்டேன். அலாரம் அலறியது. பெரியவர் விழித்து, என்னைப் பார்த்து, "ஆமா! ஆமா! ஆமா!" என்று கத்தினார். இடது காதோரம் இரண்டு சொட்டு ரத்தம்.

வேணி காலிச் சாக்கும் கையுமாகக் கடைக்குள்ளிருந்து ஓடிவந்தாள். அலாரத்தை நிறுத்த, வண்டியில் எதையெதையோ அழுத்தி எல்லாவற்றையும் அணைத்தாள்.

அப்போது போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "சார், உள்ள எப்படி இருந்துச்சு?" என்றார் படமெடுத்தவர்.

"அடுப்பு மாதிரி கொதிக்கறது," என்றேன்.

4

முப்பத்தெட்டு விநாடி ஓடும் அந்த வீடியோ மாலைக்குள் லால்குடிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே உரக்கடை வைத்திருப்பவர் ரங்கநாதன், வேணியின் கொழுந்தனார், பெரியவரின் இளைய மகன். அவர் அதைச் சிங்கப்பூருக்கு அனுப்பினார். வேணியின் கணவர் போன் செய்து கேட்டது ஒரே கேள்வி: "ஏசி போட்டிருந்தியா?"

பன்னிரண்டு வருடக் கல்யாணத்தில் அவர் கேட்டதிலேயே தன்னை அதிகம் வருத்தியது அந்தக் கேள்விதான் என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

எனக்கு இதெல்லாம் தெரியாமல் பதினோரு நாள் நிம்மதியாகவே போயிற்று. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகக்கூட. தெருவில் இரண்டு பேர் கைகொடுத்தார்கள். என் மனைவி மைத்ரேயி மட்டும் வீடியோவை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தாள்.

"கண்ணாடி உடைஞ்சப்போ உங்க மூக்குக்கண்ணாடி பனி படிஞ்ச மாதிரி வெளுத்துப்போச்சா?"

"இல்லையே. ஏன்?"

"குளிர்ந்த காத்து பட்டா வெளுக்குமோன்னு கேட்டேன். இதுல சரியா தெரியலை."

பன்னிரண்டாம் நாள் வேணி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கடைக்காரரிடம் விசாரித்திருக்கிறாள்.

"நீங்க உடைச்ச கண்ணாடி புனேலேர்ந்து வந்துருச்சு சார். உறையூர்ல மாட்டப்போறாங்க. கொஞ்சம் வர்றீங்களா?"

"செலவு எவ்வளவுன்னு சொல்லுங்கோ, நான்…"

"அதுக்கு வரல. ஒரு வார்த்தை பேசணும், அதுக்குத்தான்."

5

விக்டரின் பட்டறை உறையூரில். இருபது வருடமாகக் கார்க் கண்ணாடி மாட்டுகிறவர். கதவின் உள்பக்கப் பலகையைக் கழற்றி நிமிர்த்தி வைத்ததும் அடியில் கண்ணாடித் துகள்கள் இரண்டு கை அளவுக்குக் கிடந்தன. பதினோரு நாளும் ஒவ்வொரு வேகத்தடையிலும் அவை கதவுக்குள் சலசலத்திருக்கின்றன. உடைந்த இடத்தில் அட்டையும் பிளாஸ்டிக்கும் ஒட்டித்தான் வேணி வண்டி ஓட்டியிருக்கிறாள்.

"நடுவுலயா அடிச்சீங்க?" என்றார் விக்டர்.

"முதல் ரெண்டு தடவை."

"நடுவுல அடிச்சா கல்லுதான் திரும்பி வரும். மூலையில அடிக்கணும் சார்." அடுத்த முறைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் சொன்னார்.

பெரியவர் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போனதும் இடது கையால் காதைப் பொத்திக்கொண்டார்.

"அன்னிலேர்ந்து இப்படித்தான். வண்டி கிட்ட யாரு வந்தாலும் பொத்திக்கிறாரு," என்றாள் வேணி. குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

விக்டர் வேலை செய்துகொண்டிருக்க, அவள் விஷயத்துக்கு வந்தாள். கண்ணாடி மாட்டியதும் அப்பாவை லால்குடிக்குக் கொண்டுவந்து விட்டுவிடும்படி ரங்கநாதன் சொல்லியிருக்கிறார். இனி அவரே பார்த்துக்கொள்வாராம்.

"நான் ஏசி போட்டுட்டுத்தான் சார் எறங்குனேன். பன்னெண்டு நிமிஷம். வண்டிக் கம்பெனில கேட்டேன். கதவு தெறந்த நேரம் பதிவாயிருக்காம், ஏசி ஓடுச்சாங்கறது பதிவாகாதாம். அலாரத்தை நிறுத்தறேன்னு நானே எல்லாத்தையும் அணைச்சுத் தொலைச்சேன். இப்ப அத சொல்லக்கூடியவங்க ரெண்டு பேருதான். ஒருத்தரு இவரு." மாமனாரைக் காட்டினாள். "இன்னொருத்தரு நீங்க. கைய உள்ள விட்டீங்கள்ல. சூடா இருந்துச்சா, குளுகுளுன்னு இருந்துச்சா?"

6

வாசகரே, இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது.

உட்கார்ந்து யோசித்துவிட்டேன். கையில் செங்கல் பொடி இருந்தது நினைவிருக்கிறது. தலைவலித் தைலத்தின் வாசனை நினைவிருக்கிறது. காற்று எப்படி இருந்தது என்று தேடினால் அந்த அடுப்பு வாக்கியம்தான் வந்து நிற்கிறது. அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்று பார்க்க முடியவில்லை. முப்பது வருடமாகக் கதை எழுதுகிறேன். எந்த இடத்தில் எந்த வாக்கியம் நிற்க வேண்டும் என்று என் வாய்க்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

[வேணியைச் சந்தேகித்தும் ஒரு பக்கம் எழுதினேன். பன்னிரண்டு நிமிடம் என்கிறாள். கூட்டத்தில் ஒருவர் ஒரு மணி நேரம் என்றார். ஏசி போட மறந்திருக்கலாம், பிறகு போட்டதாகவே நம்பியிருக்கலாம். எல்லாரும் செய்வதுதான். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை, சேர்க்கவும் இல்லை.]

"குளிர்ச்சியா இருந்ததுன்னு சொல்லட்டுமா?" என்று அவளிடம் கேட்டேன்.

"அப்படி இருந்துச்சா?"

"ஞாபகம் இல்லை."

"அப்ப அத சொல்லுங்க. இன்னொரு தடவ வாய்க்கு வந்தத சொல்லாதீங்க."

போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். "தம்பி, அந்த வீடியோல பேசுன சார் பக்கத்துல இருக்காரு."

"சார், வணக்கம். அன்னிக்கு மட்டும் நீங்க இல்லைன்னா எங்கப்பா…"

"அதுதான் எனக்குத் தெரியலை," என்றேன். "உள்ளே சூடா இருந்ததா, குளிர்ச்சியா இருந்ததான்னு எனக்கு ஞாபகமே இல்லை."

"அடுப்பு மாதிரின்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். தெரிஞ்சு சொல்லலை. கேட்டா, வாயில வந்துடுத்து."

விக்டரின் திருகாணி முடுக்கும் சத்தம் நின்றது.

"அதுக்குப் பேரு பொய் இல்லைங்களா சார்?"

"பொய்தான்."

[இந்த இடத்தில் நினைவைப் பற்றியும் மொழியைப் பற்றியும் ஆழமான ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். அந்த மனிதர் கேட்டது அதையல்ல.]

"அத நம்பி எங்க அண்ணனுக்கு வேற அனுப்பித் தொலைச்சேன்," என்றார் ரங்கநாதன். பிறகு, "அண்ணி…"

"விடுங்க தம்பி."

"இல்ல அண்ணி. அண்ணங்கிட்ட நானே பேசுறேன். அப்பா விஷயம் உங்க இஷ்டம். ரூம்ல கட்டிலெல்லாம் போட்டுட்டோம், வந்தாலும் சரி. வரலைன்னாலும் நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். வேணும்னா அப்பாவையே கேளுங்க."

வேணி மாமனார் பக்கம் திரும்பினாள். "மாமா, லால்குடிக்குப் போறீங்களா?"

"ஆமா."

"நம்ம வீட்டுக்கே போயிருவமா?"

"ஆமா."

இரண்டு தடவையும் அவர் முகத்தை அவள் கூர்ந்து பார்த்தாள். என்ன தெரிந்தது என்று சொல்லவில்லை.

7

இங்கே கதையை முடித்திருக்கலாம். அநியாயமாகப் பழி சுமந்த மருமகள், பழி நீங்கிப் பெரியவரோடு வீடு திரும்புகிறாள். என் மனதில் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. விக்டர் புதுக் கண்ணாடியை மூன்று முறை ஏற்றி இறக்கிக் காட்டினார். பெரியவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்தியபின் வேணி சொன்னாள்:

"ஒண்ணு சொல்லட்டுமா சார்? கொழுந்தன் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னப்ப எனக்கு மொதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஒன்றரை வருஷமா ராத்திரில மூணு தடவ எந்திரிக்கிறேன். ஒரு மாசம் அங்க இருந்தா நானும் தூங்குவேன். ஆனா, கொல்லப் பாத்தவகிட்டேர்ந்து காப்பாத்திக் கொண்டுபோறேங்கற மாதிரி கேட்டாரு பாருங்க, அதுக்கு அனுப்ப மாட்டேன்னு இருந்தேன்."

"இப்போ?"

"இப்ப அந்தப் பேச்சு இல்லையே. அதனாலதான் யோசனையா இருக்கு."

இதை எழுதலாமா என்று கேட்டேன். பேரை மாற்றி எழுதச் சொன்னாள். மாற்றிவிட்டேன்.

ஆக, கையில் இரண்டு முடிவுகள் இருக்கின்றன.

அ) வேணி லால்குடிக்குப் போகிறாள். புதுக் கட்டிலில் பெரியவரைப் படுக்கவைத்து, எந்த மாத்திரை எப்போது, எந்த "ஆமா"வுக்கு என்ன அர்த்தம் என்று ரங்கநாதனின் மனைவிக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். திரும்பும்போது பின்சீட்டைப் பார்க்காமல் ஓட்டுகிறாள். [அல்லது பார்க்கிறாள். தெரியவில்லை.]

ஆ) உப்பிலியபுரத்துக்கே போகிறாள். ரங்கநாதன் வெள்ளிக்கிழமைகளில் தில்லைநகருக்கு வந்து அப்பாவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். முதல் இரண்டு வாரம். அதன்பிறகு கடையில் வேலை அதிகமாகிவிடுகிறது.

உறையூரிலிருந்து காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வரை அவள் வண்டிக்குப் பின்னால்தான் என் ஸ்கூட்டர் வந்தது. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் நான் திரும்பவில்லை. வாசகருக்காக என்று சொல்லிக்கொண்டேன். கொள்ளிடம் பாலத்தையும் தாண்டி நம்பர் ஒன் டோல்கேட் சிக்னலில் அவள் நின்றாள். அங்கே ஒரு சாலை லால்குடிக்குப் பிரியும். இன்னொன்று மண்ணச்சநல்லூர் வழியாகத் துறையூர் போய் உப்பிலியபுரம் சேரும். சிவப்பு விளக்கில் தொண்ணூறு விநாடி. அவள் எந்தப் பக்கத்துக்கும் விளக்குப் போட்டிருக்கவில்லை. ஸ்டியரிங்கின்மேல் இரண்டு கையையும் வைத்து நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து மைத்ரேயியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எந்தப் பக்கம் திரும்பினா?"

"பார்க்கலை."

"பார்க்காம வந்துட்டேளா, பார்த்துட்டுச் சொல்ல மாட்டேங்கறேளா?"

நீங்களும் இதையேதான் கேட்பீர்கள். இரண்டில் எது என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சாலையையும் நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள். எந்த ஊருக்குப் போயிருந்தாலும் அன்று ராத்திரி வேணி விடியும்வரை தூங்கினாள் என்று எழுத எனக்கு மிகவும் ஆசை. ஆனால் அதை நான் பார்க்கவில்லை.